பன்னிரண்டாவது கம்பம்

பத்துக்கு எத்தனை என்றுதான்
பெரியாஸ்பத்திரியில் எல்லோரும் கேட்பார்கள்.
ஏழு என்பேன்.
எட்டு என்றால் ஊசி,
ஆறு என்றால் வேலைக்குப் போ.

ஃபர்ஹானா எண் கேட்கவில்லை.
உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர் என்றார்.
வலி.
பேனாவை நிறுத்திச் சிரித்தார்.
எங்களிடமும் ஒரு வலி உண்டு,
கல்யாணத்தில் பெண்ணுக்குக் காப்பாளர்,
அப்பாவோ அண்ணனோ.
அவர் தலையசைக்காமல் ஒன்றும் நடக்காது.

பாலம் கடந்து பிறைக்குப் போய்
பத்தொன்பது வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய முதுகு.
தட்டு விலகியது, வெட்டினார்கள், தைத்தார்கள்.
ஸ்கேனில் இப்போது ஒன்றும் இல்லை.
ஒன்றும் இல்லை என்ற அந்தத் தாளை
மேலாளர் படித்தார், மச்சான் படித்தான்,
வேதவல்லி இரண்டு தடவை படித்தாள்.

அப்படியென்றால் எல்லாம் என் மனசா
என்று ஃபர்ஹானாவிடம் கத்தினேன்.
வலி மெய்தான் என்றார்.
பெண் ஒருமுறை தடுக்கி விழுந்தாள்,
அன்றிலிருந்து வாசலைப் பூட்டிவிட்டார் உங்கள் காப்பாளர்.
அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.
தினம் கொஞ்ச தூரம் போய்,
முழுசாகத் திரும்பி வந்து காட்டுங்கள்.

ஜெலுத்தோங் கடலோரம்
பன்னிரண்டு விளக்குக் கம்பம்.
முடியாத நாளிலும் பன்னிரண்டு.
முடிகிற நாளிலும் பன்னிரண்டே.

முடியாத நாள்
நாலாவது கம்பத்திலேயே உட்காரச் சொல்லும்.
வற்றிய கடலின் சேற்று வாசனையை இழுத்து
பாலத்தின் நீளத்துக்கு வெளியே விடுவேன்.
நடுப்பாலம் வரும்போது
கால் தானாக அஞ்சாவதுக்குப் போயிருக்கும்.

முடிகிற நாள்தான் மோசம்.

நேற்று மழை விட்டிருந்தது.
இடுப்பு இருக்கிற இடமே தெரியவில்லை.
பதின்மூன்றாவது கம்பம்
பழைய கூட்டாளி மாதிரி கைகாட்டியது.
பன்னிரண்டாவதில்
ஆலோங் ஒட்டிய சீட்டு பாதி கிழிந்து தொங்கியது:
உடனடிக் கடன், ஜாமீன் வேண்டாம்.

அந்தக் கடன் எனக்குத் தெரியும்.
போன தீபாவளிக்கு முன்னால்
இதே மாதிரி ஒரு நல்ல காலையில்
காரைக் கழுவி, ஃபிரிட்ஜை நகர்த்தி,
நாற்காலி போட்டு ஏறி ஒட்டடை அடித்தேன்.
வட்டியை மூன்று நாள்
குப்புறப் படுத்துக் கட்டினேன்.

திரும்பினேன்.
இவ்வளவு நல்ல காலைக்கு
முதுகைக் காட்டித் திரும்புவது
பாரம் தூக்குவதைவிடக் கஷ்டம்.

கதவைத் திறந்த வேதவல்லி
இன்றைக்கு எத்தனை என்றாள்.
பன்னிரண்டு.
ஐயோ, பத்துக்கா?

அவள்தான் முதலில் சிரித்தாள்.
சிரித்ததில் இடுப்பு சுரீர் என்றது.
நிறுத்தவில்லை.