கண்டுபிடிக்க இயலவில்லை

முதல் தட்டு வெளியானபோது எனக்கு முப்பத்தொன்று.
தபால் நிலையத்தில் பகுதிநேர வேலை,
சமையலறையில் ஐந்நூறு பிரதிகள்.
அடுப்பைப் பற்றவைக்கப்
பெட்டிகளைத் தாண்டிப் போக வேண்டும்.
மர்செய் நகரத்து ஜூலையில் இசைத்தட்டு வளைந்துவிடும்.
எனவே குளிரூட்டி அவற்றுக்கு,
மின்விசிறி எனக்கு.

ஞாயிற்றுச் சந்தையில்
கழிவறைக் குழாய்களுக்கும் கைபேசி உறைகளுக்கும் நடுவே
இரண்டு யூரோவுக்குக் கிடைத்தது அந்த ஏழு அங்குலம்.
மொரோனி, 1979.
சுருதி சற்றே விலகிய ஓர் ஆர்கன்.
அதன்மேல் ஒரு குரல்,
கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பவர் போல
அவசரமில்லாமல், ஆனால் விடாமல்.
அன்றிரவு பதினேழு முறை முள்ளை எடுத்து வைத்தேன்.
கீழ்வீட்டுக்காரி துடைப்பக் கட்டையால்
தன் கூரையை இடித்தாள்,
தாளம் தப்பாமல்.

உறையின் பின்பக்கம் எழுதினேன்:
"எவ்வளவோ தேடியும் பாடகரைக்
கண்டுபிடிக்க இயலவில்லை.
உரியவர் தொடர்புகொள்ளவும்."

எவ்வளவோ என்றால்
மூன்று மின்னஞ்சல், ஒரு தொலைபேசி அழைப்பு.
அதுவும் மணியடித்து ஓய்ந்தது.
மறுபதிப்புக்காரர்கள் எல்லாரும் எழுதும் வாக்கியம்தான்,
திருமண அழைப்பிதழில்
"தங்கள் நல்வரவை நாடும்" என்பது போல.

தட்டு விற்றது.
ஒசாகாவிலிருந்து ஒருவர் பன்னிரண்டு கேட்டார்.
தபால் நிலையத்தில் என் பொட்டலங்களுக்கு
நானே முத்திரை குத்தினேன்.

பதினெட்டு மாதம் கழித்து ஒரு கடிதம்.
கோடு போட்ட தாள், நீல மை.

"மதாம்,
நான் தொலையவில்லை.
35ஆம் எண் பேருந்தை ஓட்டுகிறேன்.
உறையில் உள்ள முகவரி
என் வழித்தடத்தில்தான் இருக்கிறது.
நீங்கள் பெட்டிகளோடு ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.
ஒருமுறை உங்களுக்காகக் கதவை மூடாமல் காத்திருந்தேன்.
பிறகு, என் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருக்கிறீர்கள்.
ம்மாதி தொய்ஹீர்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு
நெய்க்கு அலைந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது.
நான் அலையவே இல்லை.
வெண்ணெய்தான் என்னைச் சுமந்துகொண்டு
வாரம் மூன்று நாள் வேலைக்குப் போயிருக்கிறது.

காசோலை, ஒப்பந்தம், மன்னிப்பு
மூன்றையும் எடுத்துக்கொண்டு
கடைசி நிறுத்தத்தில் போய் நின்றேன்.
எஞ்சினை அணைத்தார். ஒன்பது நிமிட இடைவேளை.
ஒப்பந்தத்தை எட்டு நிமிடம் படித்தார்.
காசோலையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
மன்னிப்பை வாங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.
"மீதி எத்தனை இருக்கிறது?"
நூற்றுப் பன்னிரண்டு.
"நாற்பது எனக்கு."

அண்ணன் மகள் கல்யாணத்தில்
ஒன்று முப்பது யூரோ என்று
அத்தனையும் விற்றுவிட்டு வந்தார்.
என் விலை பதினான்கு.
"அதையும் திருத்துங்கள், மதாம்."

மிச்சம் எழுபத்திரண்டு உறைகளில்
பெயர் திருத்திய ஒட்டுத்தாளை
இருவருமாக ஒட்டினோம்.
அவர் ஒட்டியது நேராக இருந்தது,
என்னுடையது கடல் பக்கம் சாய்ந்தது.
அந்த வாக்கியத்தின் மேல் என்ன ஒட்டலாம் என்று கேட்டேன்.
"ஒன்றும் வேண்டாம்.
அது இருக்கட்டும்.
கீழே எழுதியவர் பெயரை மட்டும் போடுங்கள்."

எழுபத்திரண்டு முறை கையெழுத்திட்டேன்.

பத்தொன்பது ஆண்டுகள், நாற்பத்து நான்கு தட்டுகள்.
அச்சாலை ஒருமுறை நடுத்துளையைத் தப்பாகப் போட்டு
முந்நூறு பிரதிகள் தள்ளாடின.
இரண்டு முறை வங்கி கதவடைத்தது.
வரி என்றால் தட்டிலிருப்பது மட்டுமல்ல என்பதை
ஒவ்வொரு மே மாதமும் மறந்து
ஒவ்வொரு மே மாதமும் கற்றேன்.
லோமேயில் ஒரு சாக்ஸபோன்காரரின் மகள்
"அப்பாவின் சத்தம் எங்கள் வீட்டோடு போகட்டும்" என்றாள்.
அந்த ஒலிநாடா அலமாரியில் இருக்கிறது.
அதன் பிரதி எண்ணிக்கை பூஜ்யம்.
என் பட்டியலில் அதுதான் மிக நல்லது.

தொய்ஹீர் ஓய்வுபெற்றுவிட்டார்.
இரண்டாவது தட்டுக்கு இன்னும் பேரம் பேசுகிறார்.

35இல் ஏறும்போதெல்லாம்
ஓட்டுநரின் முகத்தை
ஒரு நிமிடம் அதிகமாகப் பார்க்கிறேன்.
பின்னால் நகருங்கள் என்கிறார்கள்.