ஒன்பதாவது முட்டை

ஹுன்ஸ்ரூக் மேட்டில் இன்னும் பனி இளகவில்லை.
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தான்
வெண்டெலின் ஷூக்,
தொப்பிக்குள் பன்னிரண்டு முட்டை.

உப்பு ஒரு படி, லாட ஆணி இருபது,
போன மாதப் பாக்கி.
முட்டை இன்று என்ன விலை என்றான்.
நேற்றைய விலைதான் என்றேன்.
நேற்று நீ சொன்னது முந்தாநாள் விலை என்றான்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தேன்.
ஒன்பதாவது கனத்தது.
காதருகே வைத்தால்
உள்ளேயிருந்து யாரோ கதவு தட்டுகிறார்கள்.

"இதை எடுக்க மாட்டேன்."
"அப்படியானால் கோழிக் காசு கொடு."
"ஓடே உடையவில்லை, கோழியாம்!"
மாவு வாங்க வந்த பாதிரியார் வீட்டுச் சமையல்காரி
இரண்டு பக்கமும் பேசினாள்,
எடைக்கல்லிலிருந்து மட்டும் கண்ணை எடுக்காமல்.

வழக்கு முடிவதற்குள்
தராசுத் தட்டிலேயே ஓடு விரிந்தது.
ஈரமாய், அவலட்சணமாய்,
கடன் கொடுத்தவன்போல் கத்திக்கொண்டு.

அடுப்போரம் என் கம்பளிக் காலுறைக்குள் போட்டேன்.
பேனாவைத் தோய்த்து எழுதினேன்:
வரவு, முட்டை பதினொன்று.
கொஞ்சம் யோசித்து, அதன் கீழே:
உயிர் ஒன்று. விலை பிறகு.

வெண்டெலின் எட்டிப் பார்த்தான்.
"தீனிச் செலவை
என் பற்றில் எழுதிவிடாதே."