அசையும் சொத்து

எங்கள் நோட்டரிக்கு வாசிப்பதற்குத்தான் கட்டணம்.
பத்திரத்தை முதலெழுத்திலிருந்து முத்திரை வரை
கட்சிக்காரர் முன் உரக்க வாசிக்க வேண்டும், அது சட்டம்.
டாக்டர் பெல்லியார்தி ஏலக்காரர் மாதிரி
மூச்சுவிடாமல் வாசிப்பார். யாரும் கேட்பதில்லை.
கூனியோவில் பதினேழு வருடமாக அவருடைய எழுத்தர் நான்.
நானும் கேட்பதில்லை.

அன்று வாங்குபவர் டொர்கெய்ர், நார்வேக்காரர்.
அருகில் மொழிபெயர்ப்பாளர் ராக்னா, மணிக்கு எண்பது யூரோ.
எதிரே விற்பவர் தல்மாஸ்ஸோ,
மலைச்சரிவு வீட்டை எண்பதாயிரத்துக்குப் பேசி
மார்ச்சிலேயே பன்னிரண்டாயிரம் அச்சாரம் வாங்கியவர்.

அச்சாரம் இருமுனையிலும் சுருக்குள்ள கயிறு.
வாங்குபவர் பின்வாங்கினால் கொடுத்தது போச்சு.
விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாய்த் திருப்ப வேண்டும்.
ஏப்ரலில் ஒரு மிலான் பல்மருத்துவர்
பத்தாயிரம் கூட்டித் தருகிறேன் என்றாராம்.
தல்மாஸ்ஸோ வந்து, தொப்பியைக் கழற்றாமலே கணக்குக் கேட்டார்.
கூட வருவது பத்து, கையைவிட்டுப் போவது பன்னிரண்டு என்றேன்.
தவிர அச்சாரம் அப்போது பணமாகவே இல்லை,
பழைய டிராக்டராகி அவர் கொட்டகையில் நின்றது.
"சரி, நேர்மையாகவே இருந்துவிடுகிறேன்" என்று போய்விட்டார்.

செப்டம்பர். வாசிப்பு.
டாக்டர் நான்கெல்லைக்குப் போயாயிற்று:
வடக்கே ஓடை, கிழக்கே ரெவெல்லியின் கஷ்கொட்டைத் தோப்பு.
ராக்னா இன்னும் முதல் பக்கத்தில்:
"ஸ்டாவாங்கரில் பிறந்தவர், திருமணமானவர்,
சொத்து தம்பதியருக்குப் பொது."
டொர்கெய்ர் கையைத் தூக்கினார்,
வகுப்பில் வெளியே போக அனுமதி கேட்கும் பையன் போல.

ஒரு சொல்லை மாற்ற முடியுமா?
எந்தச் சொல்?
"பொது."
கொஞ்சம் பொறுத்து:
"திருமணமானவர் என்பதையும்."

போன செவ்வாய்தான் குன்வொர் கிளம்பிப் போயிருக்கிறாள்.
ஒற்றைக் கையெழுத்துக்குக் கடனில்லை என்று வங்கி எழுதிவிட்டது.
அச்சாரம் போய்விடுமே என்று விமானம் ஏறியிருக்கிறார்,
வந்த இடத்தில் யாராவது வழி சொல்வார்கள் என்று.
காசோலை எங்கே என்று காலையில் கேட்டிருந்தேன்.
வரும் என்றார். நம்பினேன்.

பத்து நாற்பதுக்கு
பன்னிரண்டாயிரம் சட்டப்படி தல்மாஸ்ஸோவுடையதாயிற்று.
அவர் சிரிக்கவில்லை.
"டிராக்டர் இனி என்னுடையதா?" என்று மட்டும் கேட்டார்.
ஆம் என்றார் டாக்டர்.

பிறகு எங்கள் பில்.
கையெழுத்தாகாவிட்டாலும் செய்த வேலை வேலைதானே:
வில்லங்கம் பார்த்தது, வரைபடம் சரிபார்த்தது,
அறுநூற்று நாற்பது. வாங்குபவர் பொறுப்பு.
டொர்கெய்ர் பர்ஸைத் திறந்தார்.
அதன்மேல் தல்மாஸ்ஸோவின் கை வந்து உட்கார்ந்தது.
"அறுநூறாக்குங்கள், நான் தருகிறேன்."
டாக்டர் குறைக்கவில்லை.
நாற்பதையும் சேர்த்து எண்ணி வைத்தார்,
ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு முணுமுணுப்பு.
ராக்னா அதை மொழிபெயர்க்கவில்லை.

எல்லோரும் போன பிறகு
நாற்காலியடியில் ஒரு பை. உள்ளே திரைச்சீலைகள், எட்டு.
ஜூனில் அளவெடுக்க என்னிடம்தான் சாவி வாங்கினார்கள்,
அப்போது இருவர். அவள் கழுத்தில் அளவுநாடா.
ஒவ்வொன்றிலும் குண்டூசி குத்திய சீட்டு:
மாடிப்படி. குளியலறை. சமையலறை, இடது.
சுவரெல்லாம் கோணிய வீடு அது,
ஒரு சன்னல் போல் இன்னொன்று கிடையாது.
பூமியில் வேறெங்கும் இவை பொருந்தா.

கம்பியில் மாட்டியிருந்தால் வீட்டோடு போகும்.
மாட்டாதவரை அசையும் சொத்து, உரியவருக்கே சேரும்.
இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை.
தல்மாஸ்ஸோவைக் கேட்டேன். "எனக்கெதற்கு?"

பத்து நாள் கழித்து அவரே வந்தார்.
பல்மருத்துவர் மறுபடி வீடு பார்க்க வருகிறாராம்.
சமையலறை, இடதை மட்டும் கேட்டு வாங்கிப்போனார்,
வெயில் நேராக அடிக்கும் என்று.
ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.
மற்ற ஏழும் இரண்டாம் அலமாரியில்,
முடியாத கோப்புகளுக்கு மேலே.