இலை போட்டாயிற்று

ஆல்ஸ்மேரில் நவம்பர். நாலரைக்கே இருட்டு.
கண்ணாடிக்கு வெளியே கால்வாயில் மழை விழுகிறது,
உள்ளே இருபத்தாறு பாகை வெயில்,
வாடகைக்கு எடுத்த மாதிரி.
நாற்பதாயிரம் ஆர்க்கிட் கன்றுகள்.
அவற்றின் பட்டைத்தூளில் பொடிக்கொசு.

கடிக்கத் தெரியாத கொசு.
பல் அதன் புழுவுக்குத்தான்.
வேரின் நுனியை மட்டும் தின்னும்,
நாசூக்காக,
அப்பளத்தின் ஓரம் கொறிப்பது போல.

போன வருஷம் வரை மருந்து.
முதலாளி யெல்ட்யே முகமூடி மாட்டிக்கொண்டு
வரிசை வரிசையாய் நடப்பாள்.
நாங்கள் ஆறு போலந்துக்காரர்கள்
இரண்டு நாள் கூலியில்லாமல்
அறையில் சீட்டாடுவோம்.

இந்த வருஷம் ஒரு பெட்டி வந்தது.
உள்ளே முந்நூறு தொட்டி,
கைக்கடிகாரம் அளவுக்கு ஒரு செடி.
அவள் மொழியில் அதன் பெயர் கொழுப்பிலை.
என் மொழியிலும் கொழுத்தவன்தான்.
சும்மா மல்லாந்து கிடப்பவனுக்கு
எவ்வளவு கொழுப்பு என்று
எனக்கு அப்போது தெரியாது.

குனிந்து பார்த்தேன்.
இலை முழுக்கத் துளித்துளியாய் மினுக்கம்.
தண்ணீர் என்று நம்பி
ஒரு கொசு இறங்கியது.
பசையுள்ள இடம் பார்த்து ஒட்டிக்கொள் என்பார்கள்;
ஒட்டிக்கொண்டது.
இலை போட்டாயிற்று, பந்திக்கு ஆள் வந்தாயிற்று,
வந்தவரேதான் சோறு.

மஞ்சள் அட்டைகளும் தொங்கின பக்கத்தில்.
அவை பிடிக்கும், தின்னாது.
அந்த அநியாயம் இதில் இல்லை.
மூன்றாம் நாள் பார்த்தால்
இறகும் ஓடும் மட்டும்,
துடைத்துவிட்ட தட்டு.

ஜனவரியில் ஊதாப் பூ விட்டது,
இலையை விட்டு ஒரு சாண் உயரத்தில்,
மெல்லிய காம்பின் மேல்.
தேனுக்கு வருகிறவர் வேறு வாசல்,
சாக வருகிறவர் வேறு வாசல்.

மார்ச்சில் கொசு இல்லை.
வேர்கள் வெள்ளை வெளேர்.
யெல்ட்யே விசிலடித்துக்கொண்டு
மருந்துக் கலத்தை விற்றாள்.
என் வரிசையில்
கொழுப்பிலைகள் வெளிறத் தொடங்கின.
இலை போட்டபடிதான் இருந்தன.
யாரும் வரவில்லை.

ஆகவே, கொதிகலனுக்குப் பின்னால்
ஒரு தொட்டியை நான் ஈரத்தில் ஊறவிட்டேன்.
உருளைக்கிழங்குத் துண்டு, அழுகிய பட்டை, கொஞ்சம் சுடுகாற்று.
பத்து நாளில்
அதிலிருந்து புகைபோல எழுந்தன.
பூச்சியை ஒழிக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு
பூச்சி வளர்க்கிறவள்,
பெயர் போகுமிலா, அட்டை எண் பதினேழு.

வியாழக்கிழமை யெல்ட்யே அங்கே நின்றிருந்தாள்.
தொட்டியைப் பார்த்தாள்.
ஒரு கொசு அவள் கண்ணாடியில் உட்கார்ந்து
எழுந்து போனது.
ஒன்றும் சொல்லவில்லை.
அன்று மாலை வரை
என் பையைக் கட்டி வைத்திருந்தேன்.

மறுநாள் தொட்டியில்
ஒரு வெள்ளைப் பெயர்ச்சீட்டு குத்தியிருந்தது,
அவள் கையெழுத்தில்:
தண்ணீர் செவ்வாய், வெள்ளி.
மூடி வைக்காதே.