மூலையில் ஒரு கரிச்சான்

பகலில் எனக்கு
சிம்மக்கல் பக்கம் பிளெக்ஸ் அடிக்கும் கடை.
காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா,
கட்சிக்காரர் பிறந்த நாள்.
முகத்தை வெளுப்பாக்கி, மீசையைக் கருப்பாக்கி...
தாய்மாமன் பெயரில் ஒன்று விட்டுப்போனால்
கடை வாசலில் சண்டை.

ராத்திரி பதினோரு மணிக்கு மேல்
என் வேலை.
கண்ணாடி கீறிய டேப்லெட், நுனி தேய்ந்த பேனா,
நாகமலைப் புதுக்கோட்டையில் ஒரு மாடியறை.
சன்னலைத் திறந்தால் மலை.
ஒரு வாரம் அதையே வரைந்தேன்:
தூக்கத்தில் புரண்டு படுக்கிற மலை,
இடுப்பிலிருந்து நழுவிய போர்வையாக
நாலுவழிச் சாலை.
வானத்துக்குத்தான் நிறம் அமையவில்லை.
கடைசியில் எங்கள் தண்ணீர்க் குடத்தைப் படம்பிடித்து
அதன் வயிற்றிலிருந்து
ஒரு சொட்டு உறிஞ்சி ஊற்றினேன்.

வலையில் என் பெயர் கரிச்சான்.
கையெழுத்தும் அதுதான்:
வலது மூலையில்
வால் பிளந்த ஒரு சிறு கறுப்பு.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இதயம் போட்டார்கள்.
லீமாவில் ஒருத்தி,
ராத்திரி பஸ்களை மட்டுமே வரைகிறவள்,
மொழிபெயர்ப்புப் பொறியின் தமிழில் கேட்டாள்:
"உங்கள் வானம் உண்மையாகவே அந்த நிறமாக இருக்கிறதா?"
குடம் என்று பதில் போட்டேன்.
குடத்தின் படத்தையும் போட்டேன்.
அதற்கு நானூறு இதயம்.

புதன்கிழமை மத்தியானம்
கருமாத்தூரிலிருந்து ஒச்சப்பன் என்பவர் வந்தார்.
தம்பிக்குக் கண்ணீர் அஞ்சலி, எட்டுக்குப் பத்து.
லாரி ஓட்டினவன். வயது முப்பத்து நாலு.
போனை நீட்டினார்:
"பின்னாடி இந்த மலைய வச்சிரும்மா.
குடும்ப குரூப்புல வந்துச்சு.
எங்க மலை மாதிரியே இருக்கு."

எத்தனை கை மாறியதோ,
மலை புழுதியாகியிருந்தது.
அதன் மேல் யாரோ
இனிய காலை வணக்கம் என்று எழுதி
ரோஜா ஒன்றும் ஒட்டியிருந்தார்கள்.
"மூலைல ஏதோ ஈ மாதிரி இருக்கு பாரு,
அதையும் எடுத்துரு."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் அவர்
விலை கேட்டிருப்பார், இல்லை மன்னிப்பு.
இரண்டையும் வாங்கிக்கொள்ள
அன்றைக்கு எனக்குக் கையில்லை.

பென்டிரைவில் மூலக்கோப்பு இருந்தது.
இருபத்தேழு அடுக்கு.
கரிச்சான் தனி அடுக்கு,
பக்கத்தில் ஒரு சின்னக் கண்.
தொட்டேன்.
கண் மூடிக்கொண்டது.

"போன்ல மங்கலா இருந்துச்சே,
எப்பிடித் தெளிஞ்சுச்சு?"
"சரி பண்ணினேண்ணே."
தம்பி எந்த நேரம் வண்டி எடுப்பார் என்று
ஏனோ கேட்டேன்.
"ராத்திரிதாம்மா. எப்பவும் ராத்திரிதான்."

போர்வையின் மடிப்பில்
இரண்டு மஞ்சள் புள்ளி வைத்தேன்,
நம்மைப் பார்த்து வருகிற மாதிரி.
அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.
ஐந்நூறு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு
மச்சான்கள் பெயர் வரிசையைச் சரிபார்த்தார்.

மெஷினிலிருந்து மலை
அங்குலம் அங்குலமாக இறங்கியது.
என் படம் எதையும்
இத்தனை பெரிதாக நான் பார்த்ததில்லை.
மை வாடை அடங்குமுன்
பாண்டுரங்கன் ஓரம் வெட்டினான்,
நாலு மூலையிலும் ஓட்டை போட்டான்,
கரிச்சான் இருந்த மூலையிலும்.

அன்று ராத்திரி கண்ணைத் திறந்தேன்.
கரிச்சான் வந்து உட்கார்ந்தது.
இரண்டு புள்ளிகளோடு
படத்தை மறுபடி வலையேற்றினேன்.

லீமாக்காரிதான் முதலில்:
"சாலையில் வருவது யார்?"

தட்டினேன். அழித்தேன். தட்டினேன்.
அங்கே அப்போது நண்பகல்.
இங்கே சன்னலுக்கு வெளியே
லாரிகள் போய்க்கொண்டிருந்தன.