இன்றைய வரிசை

எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால்
நான் எழுதிய நிரல் தெரியும்.
எல்லையம்மன் கோயிலில் தொடங்கி
கே.வி.கே. குப்பம் தாண்டி
கடலோரப் பாறைகளை ஒட்டியே படுத்திருக்கும்,
நாற்பதடிப் பெட்டிகளைச் சுமந்தபடி,
ஹேண்ட்பிரேக் போட்டு.
ஆபீஸில் கோடு என்போம். அகராதியில் நிரல்.
நிரலுக்கு வரிசை என்றும் பொருள் போட்டிருக்கிறது,
எழுதி முடித்து வெகுநாள் கழித்துத்தான் பார்த்தேன்.

சோதனைக்கென்று லாரிகள் செய்துகொண்டேன்:
பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் ஒன்று,
பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் இரண்டு.
ஓட்டுநர் பெயர்: அஅஅ.
அஅஅ-வுக்குப் பசிக்காது.
டயருக்குப் பின்னால் ஒதுங்க மாட்டான்.
டோக்கன் கொடுத்த மறுநொடி கேட்டில் நிற்பான்.
ஐந்நூறு முறை ஓட்டினேன்,
ஐந்நூறும் பச்சை.

மார்ச்சில் ஒரு புதன்கிழமை
சுங்கச்சாவடி டீக்கடையில்
தேசிங்கு என்கிறவர்
என் கழுத்துக் கயிற்றைப் பார்த்துவிட்டு
"நீதானாம்மா அந்த டோக்கன் கம்பெனி?" என்றார்.
இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு
எம்பத்தாறாவது ஆளு நானு.
கண்ண மூடாம நவுந்து நவுந்து
காலைல கேட்டாண்ட போயி நின்னா
இன்னா சொல்றான் தெர்யுமா?
உன் வண்டியே இல்லன்றான்.
எம்மாம் பெரிய வண்டி,
தோ, கண்ணு முன்னாடி நிக்குது,
இல்லன்றான்."

சீட்டை நீட்டினார்.
வேர்வையில் ஊறி உலர்ந்து
தேதி மட்டும் தெளிவாக இருந்தது.
அதுவே போதும்.

பதினான்கு மாதம் முன்பு
சாப்பாட்டு நேரத்துக்குள் முடிக்கிற அவசரத்தில்
ஒரு வரி எழுதினேன்:
இன்றைய வண்டிகளை மட்டும் எடு.
பன்னிரண்டு அடித்தால் இன்று நேற்றாகிவிடும்,
எனக்குத் தெரியாதா என்ன.
வரிசையில் நிற்கிறவனுக்கு ஆகாது
என்பதுதான் தெரியவில்லை.
இரண்டு ராத்திரி போனாலும்
கேட் வரும்வரை
அவனுக்கு அது ஒரே நாள்.

திருத்தத்தைப் படித்துவிட்டு
பூனேயிலிருந்து கேள்கர் சொன்னார்:
எட்ஜ் கேஸ்தானே, அடுத்த மாதம் பார்க்கலாம்.
வாஸ்தவம்.
அலை பாறையைத் தாண்டி வந்து
கண்ணாடியில் உப்பு அடிக்கிற இந்தச் சாலையில்
விளிம்பில் இல்லாத வண்டி எது?
அதையெல்லாம் அவருக்கு எழுதவில்லை.
வரிசை நள்ளிரவில் முடிவதில்லை
என்று மட்டும் குறிப்பில் போட்டு
மறுபடி அனுப்பினேன். மறுபடி. மூன்றாம் முறை
கட்டைவிரல் காட்டினார்.
அழித்தது ஒரு சொல்.
'இன்றைய'.

சனிக்கிழமை விடிகாலை மூன்றரை.
மணலியின் கந்தக வாடையை
மின்விசிறி வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.
சர்வரில் ஏற்றிவிட்டுத்
திரையைப் புதுப்பித்தால்
வரிசையில் நானூற்றுப் பதினொரு வண்டி.
மாடிக்கு ஓடிப்போய் எண்ணினேன்.
சாலையில் அறுபதுகூட இல்லை.

தேதிகளைப் பார்த்தபிறகுதான் கைகால் ஓய்ந்தது.
போன வருஷம், பொங்கலுக்கு முந்தின ராத்திரி, முப்பத்தொன்று.
புயல் எச்சரிக்கையன்று பத்தொன்பது.
பன்னிரண்டு அடிக்கும்போதெல்லாம்
நான் தவறவிட்ட அத்தனை பேரும்
அவரவர் எண்ணோடு வந்து நிற்கிறார்கள்.
கெஞ்சியோ, கத்தியோ,
புது டோக்கன் வாங்கி மறுபடி வாலில் போய் நின்றோ
சரக்கை அன்றைக்கே இறக்கிவிட்டுப் போயிருப்பார்கள்.
நிரலுக்கு அது தெரியாது.
வந்தது தெரியும், உள்ளே போனது தெரியாது,
ஆகவே நிற்கிறார்கள்.

மொத்தமாக அழிக்க ஒரு வரி போதும்.
எழுதியும் வைத்துவிட்டேன்.
விசையைத் தட்டுமுன்
யார் முதலில் என்று பார்த்தேன்.
எல்லாருக்கும் முன்னால்,
சோதனை முடிந்து நான் துடைக்க மறந்த
அந்த ஜனவரியிலிருந்து,
பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் ஒன்று.
அஅஅ.

அழிக்கவில்லை.
கேட்டைத் திறந்து உள்ளே விட்டேன்.
பிறகு அடுத்த வண்டி, பெயரைப் படித்து.
பிறகு அதற்கடுத்தது.

கீழே யாரோ ஹார்ன் அடிக்கிறார்கள்,
விடிந்துவிட்டது.
நான் இன்னும் பொங்கல் ராத்திரியையே தாண்டவில்லை.