பெயர்களை விற்பவள்

முதலில் போனது ரொட்டி.
விடியலில் அடுமனையைத் தாண்டும்போது
வண்டிக்குள் தானாக ஏறும் சூட்டு மணம்
அன்றைக்கு ஏறவில்லை.
கடை மூடியிருக்கும் என்று நினைத்தேன்.
திரும்பிப் பார்த்தால்
வரிசையில் பதினோரு பேர்.

எல் ஆல்டோவில் மினிபஸ் கதவில் தொங்கிக்கொண்டு
"செஹா! செஹா! பெரெஸ்! சான் பெத்ரோ!"
என்று ஊர்ப் பெயர்களைக் கூவி விற்பவள் நான், நியேவெஸ்.
கொழுந்தன் ஃபோர்த்துனாத்தோ ஓட்டுவான்.
சக்கரம் அவனுடையது, குரல் என்னுடையது,
மாலையில் சில்லறை பாதிப் பாதி.

இரவில் மூக்கு ஒரு பக்கம் அடைத்தது.
புரண்டு படுத்தேன், மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டது,
வாடகை தராமல் அறை மாற்றும் குடித்தனக்காரன்.
புழுதி என்றேன்.
டீசல் புகை என்றேன்.
ஆகஸ்ட் காற்று என்றேன்.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
பழி போட ஆளுக்கா பஞ்சம்?

மூன்றாம் நாள் எச்சில் விழுங்கினேன்.
விழுங்கியது தொண்டை,
வலித்தது காது.
மதியத்துக்குள் 'பெரெஸ்' பாதியில் அறுந்தது.
'சான்' மட்டும் வண்டியில் இருந்தது,
'பெத்ரோ' எங்கோ இறங்கிவிட்டது.
சந்தைக்குப் போக வேண்டிய கிழவர்
கல்லறைத் தோட்டத்தில் இறங்கி
என்னைத் திட்டிக்கொண்டே நடந்தார்.

சுகாதார நிலையத்தில் வில்மா
மரக்குச்சியால் நாக்கை அமுக்கி
டார்ச் அடித்தாள்.
காய்ச்சல்? இல்லை என்று தலையாட்டினேன்.
கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா? அவளே தடவிப் பார்த்தாள், லேசாக.
"சீழ் இல்லை. சிவப்புதான்.
சும்மா சிவப்பில்லை, மிளகாய்ப் பழம்.
மூச்சு திணறினாலோ எச்சிலே இறங்காவிட்டாலோ
நடுராத்திரியானாலும் வந்துவிடு.
ஏழு நாள் பேசக் கூடாது.
கிசுகிசுக்கவும் கூடாது."
சீட்டில் எல்லாம் எழுதினாள்.
அதுவரை யார் கூவுவது என்று எழுதவில்லை.

அட்டையில் பெயர்களை எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
காற்று அட்டையைத் திருப்பிவிடும்.
சோப்புக் கம்பெனி விளம்பரத்தைப் படித்துவிட்டு
ஜனங்கள் அடுத்த வண்டியில் ஏறினார்கள்.

அடுத்த வண்டியின் கதவில் ரிம்பெர்.
பதினேழு வயசு, புதுத் தொப்பி,
என் ஆட்களை அள்ளி அள்ளி ஏற்றுகிறான்.
"செஹா! செஹா!"
இரண்டாவது 'செ'வின் ஓரத்தில் ஒரு பிசிறு.
வேறு யாருக்கும் கேட்டிருக்காது.
புறங்கையால் மூக்கைத் துடைத்தான்.
விழுங்குவதற்கு முன் ஒரு கணம் நின்றான்,
இருட்டில் கடைசிப் படியைத் தேடும் காலைப் போல.

மூன்று நாள், தம்பி. கூடிப்போனால் நாலு.
சொல்ல வாயில்லை எனக்கு.
அவன் கண்ணைப் பிடித்து நிறுத்தி
என் கழுத்தில் விரல் வைத்து
இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை
மெதுவாகக் கோடு இழுத்துக் காட்டினேன்.
பிறகு அவனைச் சுட்டினேன்.

அவன் முகம் வெளுத்தது.
தொப்பியைச் சரி செய்தான்.
மோவாயைத் தூக்கி
என்னை நேராகப் பார்த்தபடி
முன்னைவிட உரக்கக் கத்தினான்.